புதுப்பிப்பு: வணிக விதிகளை மாடலில் வைப்பதா, வெளியே வைப்பதா?

யூஎம்எல் (மென்பொருளின் அமைப்பைப் படமாக வரையும் முறை) மாடலிலிருந்து ஆர்டர் சேவைக்கான புரோகிராம் கோடைத் தானாக உருவாக்கும்போது வணிக விதிகள் எங்கே இருக்க வேண்டும் என்று முன்பு கேட்டிருந்தேன். எல்லாவற்றையும் ரூல் இன்ஜினில், அதாவது விதிகளைத் தனியாக வைத்து இயக்கும் மென்பொருளில், போடச் சொன்னார்கள் பலர். கடைசியில் இரண்டாகப் பிரித்துவிட்டோம்.

'ஆர்டரில் ஒரு பொருளாவது இருக்க வேண்டும்' போன்றவை மாடலிலேயே இருக்கின்றன. மாடலின் கிளாஸ் படத்தில் 1..* (ஒன்று அல்லது அதற்கு மேல்) என்று குறித்தால், தரவின் வடிவத்தை வரையறுக்கும் எக்ஸ்எம்எல் ஸ்கீமா வரை அது தானாகப் போய்விடுகிறது. அதில் சொல்ல அதிகம் இல்லை.

தள்ளுபடி விதிகள்தான் சுவாரசியம். அவை அடிக்கடி மாறும். ஒவ்வொரு முறையும் புரோகிராம் கோடை மறுபடி உருவாக்கி வெளியிடுவது கட்டுப்படியாகாது. அதனால் அவற்றை டிஎம்என் (முடிவு விதிகளை அட்டவணையாக எழுதும் தரநிலை) அட்டவணையாக்கி, தனிச் சேவையாக வைத்து அழைக்கிறோம். அட்டவணையில் எத்தனை வரிகள் பொருந்தலாம் என்று சொல்லும் ஹிட் பாலிசி 'யூனிக்'. அதாவது, ஒரு ஆர்டருக்கு ஒரு வரிக்கு மேல் பொருந்தக் கூடாது. 'தொகை 5000-க்கு மேல்' என ஒரு வரி, 'பழைய வாடிக்கையாளர்' என இன்னொரு வரி. இரண்டும் பொருந்தினால்? கருவி உடனே மோதலைக் காட்டியது. பழைய கோடில் எந்த இஃப் (நிபந்தனை வரி) முதலில் வந்ததோ அதுதான் இத்தனை நாளும் விதியாக இருந்திருக்கிறது! வணிகக் குழு உட்கார்ந்து பேசி, இரண்டு வரிகளும் ஒன்றோடொன்று மோதாதபடி அவற்றின் நிபந்தனைகளைக் குறுக்கி, இரண்டும் சேரும் நிலைக்குத் தனி வரி எழுதினார்கள்.

மாடலிலிருந்து தானாக உருவான கோடைக் கையால் திருத்தும் பழக்கம் மட்டும் சிலரிடம் இன்னும் போகவில்லை. சரி, அடுத்த முறை கோடை உருவாக்கும் ஜெனரேட்டர் ஓடி அந்தத் திருத்தங்களை அழிக்கும்போது புரியும். இனி இந்தத் தள்ளுபடி அட்டவணையை பிபிஎம்என் (வணிக வேலைகளின் படிகளை வரையும் முறை) ஓட்டத்துடன் இணைப்பதுதான் பாக்கி.