பதிவுப் பொத்தான் கீழ்ப்பட்டைக்குள் மறைகிறது: அன்ட்ரொய்ட் 15 இல் என்ன செய்யலாம்?

கேள்வி (பரந்தன்)

வணக்கம். இரணைமடுக்குளத்தின் கீழ் சிறுபோகம் செய்யும் எங்கள் கமக்கார அமைப்புக்காக, யாருக்கு எத்தனை ஏக்கர், எந்த வாய்க்காலில் எந்த நாள் தண்ணீர் முறை என்பவற்றைப் பதியும் சிறிய செயலி ஒன்றைக் கொட்லின் என்ற நிரல்மொழியில் எழுதி வருகிறேன். 2025 ஆகஸ்ட் 31 முதல் பிளே ஸ்டோரில் புதுப்பிப்பு ஏற்றுவதற்கு ஏபிஐ 35 ஐ (அன்ட்ரொய்ட் 15 இன் பதிப்பு எண்) இலக்காக வைக்க வேண்டும் என்பதால் அதை உயர்த்தினேன். அன்றிலிருந்து, திரையின் அடியில் உள்ள 'பதிவு செய்' பொத்தான், அன்ட்ரொய்ட் 15 போன்களில் மூன்று பொத்தான்கள் உள்ள பட்டைக்குப் பின்னால் மங்கலாகத் தெரிகிறது.

எங்கள் செயலாளர் ஐயா வாய்க்கால் கட்டில் நின்றபடி விவரங்களை நிரப்பி அதை அழுத்தும்போது, விரல் ஹோம் பொத்தானில் பட்டுச் செயலி மறைந்துவிடுகிறது. பதிவாகிவிட்டது என்று எண்ணி அவர் போனைச் சட்டைப்பைக்குள் வைத்துவிடுகிறார். மறுநாள் பட்டியலில் ஒருவருடைய முறை இல்லை. தண்ணீர் முறை தவறினால் ஒருவருடைய பயிர் வாடும் என்பதால் இதை விரைவாகச் சரிசெய்ய விரும்புகிறேன்.

கீழே 48 டிபி (திரை அளவின் அலகு), மேலே 24 டிபி என்று இடைவெளி விட்டுப் பார்த்தேன். என் போனில் சரியாக வந்தது. சைகையால் இயக்கும் போனில் கீழே வெறும் பட்டை ஒன்று மிஞ்சுகிறது. கமராத் துளை உள்ள போனில் தலைப்பு துளைக்கு அடியில் போகிறது.

பதில் 1 (வவுனியா)

தம்பி, 35 ஐ இலக்காக வைத்தால் அன்ட்ரொய்ட் 15 செயலியைப் பட்டைகளுக்குப் பின்னாலும் திரை முழுவதும் பரப்பிவிடும். செயலியின் தோற்ற அமைப்பான தீமில், அதிலிருந்து விலகும் 'விண்டோஆப்ட்அவுட்எட்ஜ்டுஎட்ஜ்என்போர்ஸ்மென்ட்' என்ற பண்பை 'ட்ரூ' என்று வைத்தால், பழைய தோற்றம் அப்படியே திரும்பும். நான் அவ்வாறுதான் செய்தேன்.

பதில் 2 (மாங்குளம்)

மேலே அண்ணா சொன்னது இன்றைக்கு வேலை செய்யும். ஆனால் இலக்கை 36 ஆக உயர்த்தியதும் அன்ட்ரொய்ட் 16 அந்தப் பண்பைக் கண்டுகொள்ளாது. எனவே அடுத்த போகத்தில் இதே கேள்வியுடன் நீங்கள் மீண்டும் வர வேண்டியிருக்கும்.

அடிப்படைத் தவறு, பட்டையின் அளவை நாமே எண்ணாக எழுதி வைப்பதில் இருக்கிறது. 24, 48 என்பவை வழக்கமான அளவுகள் மட்டுமே. கமராத் துளை உள்ள போனில் மேற்பட்டை உயர்ந்திருக்கலாம். சைகை முறையில் கீழ்ப்பட்டை மெலிந்துவிடும். போனைக் கிடையாகத் திருப்பினால் மூன்று பொத்தான் பட்டை பக்கவாட்டுக்கே போய்விடும். குளத்து மட்டத்தை ஒருநாள் அளந்துவிட்டு அதை வைத்தே போகம் முழுவதும் துருசை (மதகை) திறக்க முடியாது அல்லவா? அதுபோல், அளவை ஒவ்வொரு முறையும் அன்ட்ரொய்டிடமே கேட்க வேண்டும்.

திரை உருவாகும்போது ஓடும் 'ஆன்கிரியேட்' இல், 'செட்கன்டென்ட்வியூ' வுக்கு முன்னர் 'இனேபிள்எட்ஜ்டுஎட்ஜ்' ஐ அழையுங்கள். அப்போது பழைய போன்களிலும் நடத்தை ஒன்றாகிவிடும். பின்னர் திரையின் எல்லாவற்றையும் தாங்கும் வேர் வியூவுக்கு 'வியூகொம்பாட்' இன் 'செட்ஆன்அப்ளைவிண்டோஇன்செட்ஸ்லிசனர்' ஐப் பொருத்தி, 'சிஸ்டம்பார்ஸ்' (மேல், கீழ்ப் பட்டைகள்), 'டிஸ்பிளேகட்அவுட்' (கமராத் துளை) ஆகிய இரண்டு வகைகளையும் சேர்த்துக் கேட்டு, கிடைக்கும் நான்கு பக்க அளவுகளையும் அதன் பேடிங்காக (உள் இடைவெளியாக) இடுங்கள். விவரம் நிரப்பும் திரை என்பதால் 'ஐஎம்ஈ' (விசைப்பலகை) வகையையும் சேர்க்க வேண்டும். இல்லாவிட்டால் விசைப்பலகை எழும்போது அதே பொத்தான் அதற்குப் பின்னால் போய்விடும்.

கேள்வி கேட்டவர்

மிக்க நன்றி, அண்ணா. பொத்தான் முழுமையாக மேலே வந்துவிட்டது. ஆனால் விசைப்பலகையைத் திறந்து மூடும் ஒவ்வொரு தடவையும் கீழ் இடைவெளி கூடிக்கொண்டே போகிறது. நான்கைந்து தடவைக்குப் பிறகு படிவம் பாதித் திரைக்குச் சுருங்கிவிடுகிறது.

பதில் 2 (மாங்குளம்)

அந்த லிசனருக்குள் 'பேடிங்பொட்டம்' (கீழ்ப் பேடிங்) உடன் புதிய அளவைக் கூட்டியிருப்பீர்கள். லிசனர் ஒருமுறை மட்டும் ஓடுவதில்லை. அளவு மாறும்போதெல்லாம் ஓடும். ஆகவே முன்பு கூட்டிய தொகையின் மேல் மீண்டும் கூட்டுகிறது. லேஅவுட்டில் நீங்கள் கொடுத்த தொடக்கப் பேடிங்கை லிசனருக்கு வெளியே ஒரு மாறியில் வைத்துக்கொண்டு, உள்ளே எப்போதும் அதனுடன் மட்டும் கூட்டுங்கள்.

பட்டியல் திரையில் இதே முறையை அப்படியே பின்பற்ற வேண்டாம். அங்கே பேடிங்கைப் பட்டியலைக் காட்டும் ரீசைக்ளர்வியூவுக்கே கொடுத்து, 'கிளிப்டுபேடிங்' ஐ 'பால்ஸ்' ஆக்குங்கள். வரிசைகள் பட்டைக்குப் பின்னால் நகர்ந்து போகும். ஆனால் கடைசி ஆளின் பெயர் பட்டைக்கு மேலே வந்து நிற்கும்.

கேள்வி கேட்டவர்

சரியாகிவிட்டது; கூட்டிய இடம் நீங்கள் சொன்னதேதான். மூன்று போன்களில், கிடையாகவும் நிமிர்த்தியும் பார்த்தேன். மேற்பட்டையில் நேரமும் பற்றரிக் குறியும் வெள்ளை நிறத்தில் வெளிர் பின்னணியோடு கலந்து தெரியாமல் இருந்தன, மேற்பட்டையின் நிறத்தை மாற்றும் 'செட்ஸ்டேட்டஸ்பார்கலர்' பயன்படவில்லை.

பதில் 1 (வவுனியா)

35 ஐ இலக்காக வைத்தால் அன்ட்ரொய்ட் 15 இல் அந்த நிறக் கட்டளை செல்லாது, தம்பி. 'விண்டோஇன்செட்ஸ்கன்ட்ரோலர்கொம்பாட்' இல் 'இஸ்அப்பியரன்ஸ்லைட்ஸ்டேட்டஸ்பார்ஸ்' ஐ 'ட்ரூ' ஆக்குங்கள். குறிகள் கறுப்பாக மாறும். என் செயலியிலும் விலக்குப் பண்பை எடுத்துவிட்டு மாங்குளத்துத் தம்பி சொன்ன முறைக்கு மாற்றுகிறேன்.

கேள்வி கேட்டவர்

குறிகள் இப்போது தெளிவாகத் தெரிகின்றன. புதிய பதிப்பைச் செயலாளர் ஐயாவின் போனில் ஏற்றிக் கொடுத்துவிட்டேன். இன்று மாலை 17 பதிவுகளும் முழுமையாக வந்து சேர்ந்தன.