மறு: ப்ளாக் டைமுக்குத் தமிழ் (வியாழனுக்குள் வேண்டும்)

செ. எழுதியது:
விமானத் தொலைவு காட்டும் செயலியின் தமிழாக்கம் வியாழனன்று போயாக வேண்டும். ப்ளாக் டைம் மட்டும் இடிக்கிறது. புறப்படும் இடத்தில் சக்கரத் தடையை எடுத்து விமானம் நகரத் தொடங்கியதிலிருந்து, சேருமிடத்தில் நின்று தடை வைக்கும் வரையிலான நேரம் அது. தரையை விட்டு எழும்பி மறுபடி தரை தொடும் வரையிலானது வேறு. அதற்குப் 'பறப்பு நேரம்' போட்டுவிட்டேன். லண்டன்–நியூயார்க் பெருவட்டத் தொலைவு (பூமியின் வளைவை ஒட்டிய மிகக் குறுகிய தூரம்) சுமார் 5,540 கி.மீ. மணிக்கு 900 கி.மீ. என்று வகுத்தால் 6 மணி 9 நிமிடம்தான் வரும். அட்டவணையிலோ மேற்கே போக 8 மணி, திரும்பி வர 7 மணி அளவில் இருக்கும். தரையில் ஊர்வதும், ஏறி இறங்கும்போது வேகம் குறைவதும், உயரே வேகமாக ஓடும் ஜெட் காற்றோட்டம் மேற்கிலிருந்து அடிப்பதும்தான் காரணம். இரண்டையும் 'பயண நேரம்' என்றால் குழப்பம். திரைப் பெட்டியில் 16 குறிகளுக்கு மேல் கொள்ளாது (புள்ளி, துணைக்கால், கொம்பு எல்லாம் தனித்தனிக் குறி).

இரா. எழுதியது:
ப்ளாக் என்பது கட்டைதானே? தேர்ச் சக்கரத்துக்குப் போடும் முட்டுக்கட்டை நம்மிடம் இருக்கிறது. அதை வைத்துத் தேரை நிறுத்துவது மட்டுமில்லை, திருப்புவதும் உண்டு. 'கட்டை நேரம்' என்று துணிந்து போடலாம்.

ம. எழுதியது:
விமானத்தில் ஏறப்போகிறவரிடம் 'கட்டை நேரம் 8 மணி' என்று காட்டினால், கட்டை வேகும் நேரம் என்றல்லவா எடுத்துக்கொள்வார்!

இரா. எழுதியது:
> கட்டை வேகும் நேரம்
சரி, தேரை விடவேண்டாம். அது நிற்குமிடம் 'நிலை'. தேர் நிலைக்கு வந்தது என்கிறோம். நிலை பெயர்ந்து நிலை சேரும் வரை 'நிலை நேரம்'. நில் என்ற வேர்தான் நிலையத்திலும் இருக்கிறது, நிலத்திலும் இருக்கிறது என்பாரும் உண்டு...

ம. எழுதியது:
நிலத்தில் தொடங்கினால் ஐந்திணை வரை போய்விடுவீர்கள். 'நிலை நேரம்' என்றால் எவரும் நின்ற நேரம் என்றே படிப்பார், நேர் எதிர்ப்பொருள். 'வாயில்–வாயில் நேரம்' போதும்.

கு. எழுதியது:
அது 19 குறி, கொள்ளாது. தவிர, வாயிலுக்கு வராமல் தள்ளி நிறுத்திப் பேருந்தில் இறக்கும் விமானங்களும் உண்டு. 'நகர்வு நேரம்' 7 எழுத்து, யூனிகோடில் இடைவெளியோடு 12 குறி.

சொல்லைவிடப் பெரிய பிழை ஒன்று காத்திருக்கிறது. லண்டனில் 11:00 புறப்பாடு, நியூயார்க்கில் 14:00 வருகை என்று காட்டி, நிரல் கழித்தால் 3 மணி என்று வரும். இரண்டும் உள்ளூர் நேரம். 5 மணி வேறுபாட்டைக் கூட்ட வேண்டும். மார்ச்சில் அமெரிக்கா முந்திக்கொண்டு கோடைக்காகக் கடிகாரத்தை ஒரு மணி முன்னே தள்ளிவைப்பதால், பிரிட்டன் மாற்றும் வரை அது 4 மணிதான். எனவே இரு பக்கமும் 'உள்ளூர் நேரம்' என்று எழுதுங்கள். பெருவட்டத் தொலைவை யாரோ 'காக்கை பறக்கும் தூரம்' என்று மாற்றியிருக்கிறார்கள். அது 'as the crow flies' என்ற ஆங்கிலக் காக்கை, விரட்டுங்கள்.

இரா. எழுதியது:
ஓடுபாதைக்கு முன் வரிசையில் 20 நிமிடம் அசையாமல் நின்றாலும் அது ப்ளாக் டைமில் சேரும். அதுவா நகர்வு?

செ. எழுதியது:
நியாயம்தான். ஆனாலும் 'நகர்வு நேரம்' போட்டு அனுப்பிவிட்டேன். தொட்டால் முழு விளக்கம் விரியும். 'உள்ளூர் நேரம்' இரு பக்கமும் சேர்த்தாயிற்று.

இரா. எழுதியது:
என் வாக்கு இன்னும் நிலைக்குத்தான்.