பாஞ்சாலங்குறிச்சி மேட்டில் சந்தித்தவர்கள்: அனுபவப் பகிர்வு

ஒட்டப்பிடாரம் ஆசிரியர்

பாஞ்சாலங்குறிச்சியில் கட்டபொம்மன் கோட்டை இருந்த மேட்டைக் காப்பாற்ற அலைகிறவர்களும், சிவாஜி நடித்த 'வீரபாண்டிய கட்டபொம்மன்' படத்தின் பழைய பிரதிகளைத் தேடி அலைகிறவர்களும் இங்கே இருக்கிறோம். பாதிப் பேர் இரண்டு வேலையையும் செய்கிறவர்கள். அலைந்த இடத்தில் யாரைச் சந்தித்தீர்கள் என்று எழுதுங்கள். நான் தொடங்கிவைக்கிறேன்.

மாதத்தில் ஒரு ஞாயிறு நாங்கள் ஏழெட்டுப் பேர் மேட்டுக்குப் போவோம். வேலை பெரிதாக ஒன்றுமில்லை. ஓரத்தில் முளைத்துவரும் சீமைக்கருவேலங் கன்றுகளைப் பற்றிச் சொல்ல வேண்டியவர்களிடம் சொல்வது, பிளாஸ்டிக் பொறுக்குவது, அவ்வளவுதான். பாதுகாக்கப்பட்ட இடம் என்பதால் மண்வெட்டி எடுத்துப் போகும் பேச்சே இல்லை. போன வருடம் ஒரு குடும்பம் வேனில் வந்து இறங்கியது. 1974இல் அரசு கட்டிய நினைவுக் கோட்டைக்குள் போய்ச் சுவர் ஓவியங்களைப் பார்த்தார்கள். அப்பா ஜாக்சன் துரைக் காட்சியின் வசனத்தை முழுதாகச் சொன்னார். நன்றாகவே சொன்னார். ஏழு வயதுப் பையன் என்னிடம் வந்து, "சார், இதுதான் சிவாஜி இருந்த வீடா?" என்றான்.

எனக்குச் சிரிப்பும் வந்தது, கோபமும் வந்தது. அவனை அழைத்துக்கொண்டு பழைய அடித்தளங்கள் இருக்கும் பக்கம் போனேன். "இவ்வளவுதானா?" என்றான். அவன் முழங்காலுக்குக்கூட அது வரவில்லை. முற்றுகையில் இருந்த ஆங்கிலேய அதிகாரி ஒருவர் அளவு எழுதிவைத்திருக்கிறார்: நீளவாட்டில் சுமார் 500 அடி, அகலவாட்டில் 300 அடி, சுவரின் உயரம் 12 அடி, எல்லாம் மண். இதைச் சொன்னதும் பையன் 500 அடியை நடந்தே அளந்துவிடுவதென்று கிளம்பிவிட்டான். நூற்றுச் சொச்சத்தில் எண்ணிக்கை தவறியது. மறுபடி முதலிலிருந்து. வேன் ஓட்டுநர் ஹாரன் அடித்துக்கொண்டே இருந்தார்.

மண் சுவர்தானே என்று நினைக்க வேண்டாம். 1799 செப்டம்பரில் ஆங்கிலேயத் தளபதி பானர்மன் பீரங்கியோடு வந்து மோதியபோது அது தாங்கியது. கட்டபொம்மனைக் கயத்தாற்றில் தூக்கிலிட்ட பிறகு கோட்டையை இடித்தார்கள். 1801 பிப்ரவரியில் பாளையங்கோட்டைச் சிறையிலிருந்து தப்பி வந்த அவர் தம்பி ஊமைத்துரை சில நாட்களிலேயே அதை மறுபடி எழுப்பிவிட்டார். அது விழ மே 24 வரை ஆயிற்று. பிறகு தரைமட்டமாக்கி, உழுது, ஆமணக்கு விதைத்தார்கள் என்று ஊரில் சொல்வார்கள். ஆக, இப்போது நாம் மிதித்துக்கொண்டு நடப்பது ஒருமுறைக்கு இருமுறை இடிபட்ட கோட்டையை.

கோவில்பட்டி சினிமா தியேட்டர் ஆபரேட்டர் (ஓய்வு)

சார் படத்தின்மேல் கொஞ்சம் கோபமாக இருக்கிறார் போலிருக்கிறது. அந்தப் படம் இல்லாவிட்டால் வேன் அங்கே வந்திருக்காது என்பதையும் சேர்த்து எழுதியிருக்கலாம்.

என் அனுபவம் பழைய இரும்புக் கடையில் நடந்தது. கடைக்காரர் எனக்கு நெடுநாள் பழக்கம். "அண்ணாச்சி, உங்க சாமான் வந்திருக்கு" என்று ஆள் அனுப்பினார். தகர டப்பாக்கள். மூடியைத் திறந்ததும் மூக்கில் ஏறியது காடி நெடி. இந்தத் தொழிலில் இருந்தவர்களுக்கு அந்த நெடி போதும். அசிடேட் பிலிம் கெட ஆரம்பித்துவிட்டது என்று பொருள். அதிலிருந்து கிளம்பும் அமில ஆவி பக்கத்து டப்பாவையும் கெடுக்கும். பிலிம் சுருங்கும், ஓரத்துத் துளைகள் இயந்திரத்தின் பல்லில் உட்காராது, வலுக்கட்டாயமாக ஓட்டினால் கிழியும். நல்லது ஆறு, கெட்டது ஐந்து என்று அங்கேயே தரையில் உட்கார்ந்து பிரித்தேன். கடைக்காரர் டீ வாங்கிக் கொடுத்தார். விலையில் மட்டும் பத்து ரூபாய் குறைக்கவில்லை.

1959இல் வந்த படம். முதலில் டெக்னிக்கலர் என்ற வண்ண அச்சு முறையில் எடுத்த பிரதிகளாக வந்தது. அந்த முறையில் எடுத்த பிரதிகளில் நிறம் எளிதில் மங்காது. எனக்குக் கிடைத்தது பிற்காலத்துப் பிரதி. வானம், குதிரை, சிவாஜியின் மீசை எல்லாம் ஒரே செங்கல் நிறம். ஆனாலும் அது பிலிம் அல்லவா. பழுதான துண்டுகளை வெட்டி, பிலிம் ஒட்டும் சிமெண்ட் வைத்து ஒட்டி, என் வீட்டுக் கூடத்தில் பழைய தோழர்கள் நாலு பேருக்கு ஓட்டினேன். கடைசிச் சுருள் டப்பாவிலேயே இல்லை. தூக்குமேடைக் காட்சி அதில்தான் வரும். அப்போது ஒருவர் எழுந்து வீட்டுக்குப் போனார். கோபித்துக்கொண்டு போகிறார் என்று நினைத்தோம். படத்தின் ஒலியை மட்டும் பதிந்த ஒலிச்சித்திரக் கேசட்டோடு திரும்பி வந்தார்! அந்தக் காலத்தில் கல்யாண வீட்டிலும் கோயில் கொடையிலும் குழாய் கட்டிப் போடுவார்களே, அதே கேசட். விளக்கை அணைத்து, வெள்ளைத் திரையைப் பார்த்துக்கொண்டே கேட்டு முடித்தோம். ஒருவர்கூடத் திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

2012இல் சிவாஜியின் கர்ணன் படம் புதுப்பிக்கப்பட்டு நன்றாக ஓடிய பிறகு, 2015இல் கட்டபொம்மனும் டிஜிட்டலில் வந்தது. பளிச்சென்று இருந்தது, மறுக்கவில்லை. இனி யாருக்கு இந்த டப்பா என்று என் மகன் கேட்கிறான். 1931இல் வந்த காளிதாஸ் தமிழின் முதல் பேசும் படம். ஒரு பிரதிகூட மிஞ்சவில்லை. அதற்கு முந்தைய ஊமைப்பட காலத்துக் கீசகவதமும் அப்படியே போயிற்று. அவற்றின் டப்பாக்களைப் பார்த்தும் யாரோ ஒரு மகன் இதையே கேட்டிருப்பான்.

தூத்துக்குடி, துறைமுக ஊழியர்

சுருக்கமாக ஒன்று. எல்லோரும் கோட்டைக்குப் போகிறீர்கள். அந்தச் சண்டையில் செத்த வெள்ளைக்காரர்களின் கல்லறைகளுக்கு எத்தனை பேர் போனீர்கள்? நான் போனபோது ஆடு மேய்க்கும் அம்மா ஒருவர் கல்லறை நிழலில் உட்கார்ந்திருந்தார். ஓர் ஆடு மேலே ஏறியது. உடனே கம்பை எறிந்து விரட்டினார். "நம்மள அழிக்க வந்தவன்தானே ஆத்தா, ஆடு ஏறினா என்ன?" என்று வம்புக்குக் கேட்டேன். "செத்தவன் மேல ஆடு ஏறலாமா?" என்றார். அதற்கு மேல் நான் வாயைத் திறக்கவில்லை.

கயத்தாற்றிலிருந்து ஒரு பேத்தி

எங்கள் ஊர்க் கதையையும் சேர்த்துக்கொள்ளுங்கள். கட்டபொம்மனைத் தூக்கிலிட்ட இடத்தைக் கடக்கும் வழிப்போக்கர்கள் ஆளுக்கொரு கல்லைப் போட்டுவிட்டுப் போவார்களாம். அது குவியலாகவே கிடந்தது என்று தாத்தா சொல்வார். பிற்பாடு சிவாஜி கணேசனே இங்கே நிலம் வாங்கிச் சிலை வைத்தார். நடித்தவரே இடத்தையும் காப்பாற்றினார் என்பதால், ஆசிரியர் ஐயாவும் ஆபரேட்டர் ஐயாவும் சமாதானமாகப் போகலாம் என்பது என் தீர்ப்பு.

ஒட்டப்பிடாரம் ஆசிரியர்

தீர்ப்பை ஏற்கிறேன் அம்மா, முக்கால்வாசி. அடித்தளங்களுக்குச் சிமெண்ட் பூசி, திரையில் வருவதுபோல மதில் எழுப்பிவிடலாம் என்று போன மாதம்கூட ஒரு நண்பர் யோசனை சொன்னார். நல்ல மனதோடுதான் சொன்னார். அந்தக் கால்வாசிக் கோபத்தை நான் அவருக்காக வைத்துக்கொள்கிறேன்.

அண்ணாச்சி, வரும் சித்திரையில் கட்டபொம்மனின் குலதெய்வமான சக்கதேவி திருவிழாவுக்கு ஊரே ஜோதி எடுத்துக்கொண்டு வரும். அந்தக் கேசட்டைக் கொண்டுவர முடியுமா? டேப் ரிக்கார்டர் என்னிடம் இருக்கிறது, ரப்பர் பெல்ட்தான் மாற்ற வேண்டும். டப்பாக்களை மட்டும் வெயில் பட வைக்காதீர்கள். கெட்ட ஐந்தையும் தனி அறைக்கு மாற்றிவிட்டீர்களா?