சந்தேகம்: மல்டிவுட் அடுக்களை, 2 அடி டால் யூனிட் – எந்த பில்ட்-இன் மைக்ரோவேவ் கொள்ளும்?

வில்லுக்குறி_புதுவீடு:
வணக்கம். வில்லுக்குறியில் புது வீட்டு அடுக்களை வேலை நடக்குது. கீழ் கப்போர்டு எல்லாம் 18 மி.மீ. மல்டிவுட்டில் முடிஞ்சாச்சு. டால் யூனிட் (உயரமாக நிற்கும் அலமாரி) மட்டும் பாக்கி. அதில் பில்ட்-இன் மைக்ரோவேவ் வைக்கணும். ஆசாரி சொல்லும் அளவு: வெளி அகலம் 2 அடி, உள் ஆழம் 22 இஞ்சு. இடது பக்கம் சுவர், வலது பக்கம் கிரானைட் மேடை. யூனிட் வரும் இடத்தில், பின்சுவரில் 4 அடி உயரத்தில் ஏற்கெனவே ஒரு 6 ஆம்பியர் பிளக் பாயிண்ட் இருக்கு.

பயன்பாடு: தினமும் சோறு, கறி, பால் சூடாக்கணும். மீன் பொரிச்சதை மறுபடி மொறுமொறுப்பாக்க முடிஞ்சா நல்லது. டிசம்பரில் கிறிஸ்துமஸ் கேக் ஐந்தாறு போடுவோம். கடையில் 45 செ.மீ. உயர கன்வெக்ஷன் (சூடான காற்றில் கேக்கும் சுடும்) மாடலைத்தான் காட்டுறாங்க. அதை எடுக்கலாமா? அடுக்களையில் அதிகம் நிற்கப்போவது அம்மா, உயரம் 5 அடி.

மார்த்தாண்டம்_மாடுலர்:
மாடலைப் பிறகு பார்ப்போம், முதல்ல அளவைத் திருத்துங்க. ஆசாரி சொன்ன ரெண்டு அளவுமே தப்பா வரும்.

பில்ட்-இன் மிஷின் எல்லாம் மில்லிமீட்டர் கணக்கில் வருது. வழக்கமா கேட்பது உள் அகலம் 560 முதல் 568 வரை, ஆழம் குறைஞ்சது 550. உயரம், சின்ன மாடலுக்கு 380 ஒட்டி, பெரிய காம்பாக்ட் மாடலுக்கு 450 முதல் 455 வரை. இதெல்லாம் வெளி அகலம் 600 உள்ள பொட்டிக்குப் போட்ட கணக்கு. 600-ல் ரெண்டு பக்கமும் 18 கழிச்சா 564, சரியா நடுவுல விழும்.

2 அடின்னா 600 இல்ல, 610. 36 கழிச்சா 574. மிஷின் உள்ளே தாராளமாப் போயிடும், ஆனா பக்கப் பலகையில் ஸ்க்ரூ பிடிக்காது. முன் கண்ணாடி 595 தான், அதனால ரெண்டு பக்கமும் 7 மி.மீ. இடைவெளி பல்லைக் காட்டும். ஆழத்தில் 22 இஞ்சு என்பது 559. 550 போக 9 மி.மீ. தான் மிச்சம். பின்னால சுவரில் பிளக் டாப் மட்டும் 4–5 செ.மீ. நீட்டிட்டு நிக்கும், மிஷின் வெளியே துருத்திக்கிட்டு இருக்கும். ஆசாரிகிட்ட இஞ்சில் பேசாதீங்க. வெளி அகலம் 600, உள் ஆழம் 580 என்று எழுதியே கொடுங்க. 580-ல் ஷட்டர் (கப்போர்டு கதவு) 18 சேர்ந்தா 598, மேடை விளிம்போட ஒட்டி வந்துடும்.

அடுத்தது மல்டிவுட். அது பி.வி.சி. நுரைப் பலகை. மழைக்கும் கரையானுக்கும் நம்ம ஊருக்கு அதைப்போல ஒண்ணு இல்ல, ஆனா சூட்டுக்கு ஆகாது. 60 டிகிரிக்கு மேல் தொடர்ந்து சூடு பட்டா வளையும். கன்வெக்ஷன் மிஷின் மேனுவலைத் திறந்து பாருங்க. பொட்டிப் பலகை 90 டிகிரி வரை தாங்கணும், பக்கத்து ஷட்டர் 70 தாங்கணும் என்ற மாதிரி எழுதியிருக்கும். அதுபோக 45 செ.மீ. காம்பி (மைக்ரோவேவும் கன்வெக்ஷனும் சேர்ந்தது) 35 கிலோ பக்கம் வரும், 60 செ.மீ. நீள மல்டிவுட் தட்டு நடுவில் தொய்யும். கன்வெக்ஷன்தான் வேணும்னா அந்த ஒரு யூனிட்டை மட்டும் ஐ.எஸ். 710 முத்திரை உள்ள பி.டபிள்யூ.பி. (கொதிநீரும் தாங்கும்) பிளைவுட்டில் செய்யுங்க. வெளியே அதே லாமினேட் ஒட்டிட்டா வித்தியாசம் தெரியாது. எனக்குக் கேட்டா அதுதான் சரி. ஒரு பொட்டியில் ரெண்டு வேலையும் முடியும்.

கோட்டாறு_வயரிங்:
6 ஆம்பியர் பாயிண்டில் எந்த மைக்ரோவேவும் போடக்கூடாது. 900 வாட்ஸ் மாடல்னு பெட்டியில் எழுதியிருப்பது உணவுக்குள் போகும் சக்தி. கரண்டில் இழுப்பது 1,400–1,450 வாட்ஸ், அதாவது 6.3 ஆம்பியர். கன்வெக்ஷன் காம்பி 3,300 வாட்ஸுக்கு மேலே போகும், 14–15 ஆம்பியர்.

செய்ய வேண்டியது: டி.பி.யிலிருந்து (வீட்டு மெயின் பெட்டியிலிருந்து) தனி லைன். சின்ன மாடலுக்கு 2.5 சதுர மி.மீ. காப்பர் போதும், காம்பிக்கு 4 போடுங்க. 16 ஆம்பியர் சி-கர்வ் எம்.சி.பி. (லோடு கூடினா தானா துண்டிக்கும் சுவிட்ச்), 16 ஆம்பியர் மூணு பின் சாக்கெட். மிக்சி, கிரைண்டர், பிரிட்ஜ் எதையும் இதில் சேர்க்காதீங்க. சாக்கெட்டை மிஷினுக்குப் பின்னால வைக்க வேண்டாம். மேலே உள்ள கப்போர்டிலோ, பக்கத்து மேடைக்கு மேல் சுவரிலோ கை எட்டும் இடத்தில் சுவிட்சோட வையுங்க. இடி மின்னல் நேரத்தில் கழற்ற வேண்டி வந்தா 20 கிலோ மிஷினை வெளியே இழுக்க முடியாதுல்ல. பழைய பாயிண்டை எடுத்துட்டு வயர் முனையை டெர்மினேட் பண்ணி பிளேட் போட்டு மூடிடுங்க.

மாலை நேரத்தில் உங்க லைனில் வோல்டேஜ் எவ்வளவு வருதுன்னு மல்டிமீட்டரில் பாருங்க. 230-க்குப் பதில் 200 வந்தா கன்வெக்ஷன் ஹீட்டர் முக்கால் பங்கு சூடுதான் தரும். சூடு வோல்டேஜின் வர்க்கத்தைப் பொறுத்தது. கேக் நடுவில் மாவாக நிற்பதற்கு ரெசிபியைக் குறை சொல்வாங்க, பாதி நேரம் காரணம் இதுவாக்கும். அடிக்கடி 190-க்குக் கீழே போனா ஸ்டெபிலைசர் வேணும். 1,450 வாட்ஸ் மாடலுக்கு 3 கே.வி.ஏ. தாராளம். சாதாரண வீட்டு யு.பி.எஸ்.ல் மைக்ரோவேவ் ஓடாது, அந்தப் பாயிண்டை அதில் இணைக்காதீங்க.

வில்லுக்குறி_புதுவீடு:
நன்றி அண்ணாச்சி. சுவிட்ச் இடத்தை இன்னைக்கே மாத்தச் சொல்லிடறேன். வோல்டேஜ் ராத்திரி 7 மணிக்கு 212 காட்டுது. பில்ட்-இன் வேண்டாம், சாதாரண மேஜை மாடலை வாங்கி அதே பொட்டிக்குள் தள்ளி, சுத்தி பிரேம் அடிச்சுக்கலாமே என்று வீட்டில் கேட்கிறாங்க. செலவும் குறையுமே?

குளச்சல்_சர்வீஸ்:
அப்படிச் செய்தால் பத்து நிமிஷம் ஓடி தானாக நிற்கும். அரை மணி கழித்து மறுபடி ஓடும். இந்தப் புகார் வந்தாலே முதலில் பார்க்க வேண்டியது பொட்டியைத்தான். மேஜை மாடல் காற்றைப் பக்கத்திலும் மேலேயும் பின்னாலேயும் விடும். மேலே 20 செ.மீ., பின்னால் 10, பக்கம் 5 என்று இடம் கேட்கும். சுற்றி அடைத்தால் தன் சூட்டையே திரும்ப இழுக்கும். மேக்னட்ரானில் (மைக்ரோவேவ் அலையை உண்டாக்கும் பாகத்தில்) உள்ள தெர்மல் கட்-அவுட் துண்டித்துவிடும். தொடர்ந்து இப்படி நடந்தால் மேக்னட்ரானே போகும். அந்த மாடலுக்கென்றே கம்பெனி தரும் டிரிம் கிட் (பொருத்தும் சட்டம்) இருந்தால் மட்டும் உள்ளே வைக்கலாம், ஆசாரி அடிக்கும் பிரேம் ஆகாது.

பில்ட்-இன் என்றாலும் காற்றுவழி தானாக வந்துவிடாது. யூனிட்டுக்குப் பின்பலகை வேண்டாம். மிஷின் உட்காரும் தட்டும் அதற்குக் கீழுள்ள தட்டுகளும் சுவரைத் தொடாமல் 50 மி.மீ. முன்னாடியே நிற்க வேண்டும். அடியில் கால்பலகையில் காற்று நுழைய 200–250 சதுர செ.மீ. திறப்பு. 50 செ.மீ. நீளம், 5 செ.மீ. உயரம் வெட்டினால் 250 ஆகிவிடும். மேலே பரணுக்கும் யூனிட்டுக்கும் நடுவில் 50 மி.மீ. விடவும். கால்பலகைத் திறப்பில் பல்லி, கரப்பான் ஏறாமல் சுமார் 5 மி.மீ. துளை உள்ள ஸ்டீல் வலை. கொசுவலை போட்டால் ரெண்டே மாதத்தில் தூசி அடைத்துவிடும். சமைத்து முடிந்ததும் விசிறி சில நிமிஷம் ஓடுவது கோளாறு இல்லை, அதற்குள் சுவிட்சை அணைக்காதீர்கள்.

மாடல் விஷயத்தில் மார்த்தாண்டத்துக்காரரோடு எனக்கு ஒத்துவராது. கேக் டிசம்பரில் மட்டும் என்றால் காம்பி எடுக்க வேண்டாம். ஹீட்டர் கம்பிக்குள் இருக்கும் வெள்ளைப் பொடி மெக்னீசியம் ஆக்சைடு. அது ஈரத்தை இழுக்கும். நமக்கு ஜூனிலும் மழை, அக்டோபரிலும் மழை. பதினோரு மாதம் சும்மா கிடந்த ஹீட்டரை டிசம்பரில் போட்டால் ஆர்.சி.சி.பி. (கரண்ட் கசிந்தால் துண்டிக்கும் சுவிட்ச்) தட்டும். அப்போது ஆர்.சி.சி.பி.யை பைபாஸ் செய்து ஓட்டுவது உயிருக்கு ஆபத்து. மெக்கர் (கசிவு பார்க்கும் மீட்டர்) வைத்துச் சோதித்து, காயவைத்துத்தான் போடணும். காம்பி வைத்திருப்பவர்கள் ரெண்டு வாரத்துக்கு ஒருமுறை காலி அடுப்பை கன்வெக்ஷன் மோடில் மட்டும் 150 டிகிரியில் 15 நிமிஷம் ஓட்டினால் இது வராது. மைக்ரோவேவ் மோடில் காலியாக ஓட்டவே கூடாது.

மார்த்தாண்டம்_மாடுலர்:
ஈரம் விஷயம் சரிதான். ஆனா கேக்குக்குத் தனியா ஓ.டி.ஜி. (மேடையில் வைக்கும் மின் ஓவன்) வாங்கினா அதுக்கு மேடையில் 2 அடி போகுமே? பில்ட்-இன் வைக்கிறதே மேடையைக் காலியா வைக்கத்தானே.

குளச்சல்_சர்வீஸ்:
ஓ.டி.ஜி. பரணில் கிடக்கட்டும், நவம்பர் கடைசியில் இறக்கினால் போதும். அதிலும் ஹீட்டர் கம்பிதான், எர்த் உள்ள பாயிண்டில் முதலில் காலியாகக் கால் மணி ஓட்டிக் காயவைக்கவும். 8 இஞ்சு டின் வைக்க 28–30 லிட்டர் வேண்டும். இதில் லாபம், பி.சி.பி. (எலக்ட்ரானிக் போர்டு) போனால் ரெண்டும் சேர்ந்து நிற்காது.

இந்த வீட்டுக்கு என் கணக்கு: 38 செ.மீ. உயரம், 25 லிட்டர், கிரில் உள்ள பில்ட்-இன். சோலோவில் (கிரில் இல்லாத மாடலில்) பொரிச்ச மீன் ஆவியில் நனைந்து சவசவ என்று ஆகும். 1 நிமிஷம் மைக்ரோவேவ், பிறகு உயரமான ஸ்டாண்டில் 4–5 நிமிஷம் கிரில் போட்டால் தோல் மொறுமொறுக்கும். மரச்சீனிக் கிழங்கை மட்டும் இதில் அவிக்க வேண்டாம். அது நிறைய வெள்ளத்தில் (தண்ணீரில்) வெந்து வடித்துக் கொட்ட வேண்டியது.

உள்சுவர் ஸ்டெயின்லெஸ் ஸ்டீலா, பெயிண்டா என்று கேட்டு வாங்கவும். கடல்காற்று மாவட்டம். பெயிண்ட் உள்சுவரில் உருளை வளையம் ஓடும் தடத்தில் முதலில் கீறும், அங்கே துரு பிடிக்கும், துருவில் தீப்பொறி தட்டும். வலது உள்சுவரில் அட்டை மாதிரி ஒரு தகடு இருக்கும், அது மைக்கா. மீன்கறி தெறித்து அதில் கருகினால் அங்கேயும் பொறி வரும். கறியை மூடி வைத்துச் சூடாக்கவும், தெறித்தால் அன்றே ஈரத்துணியால் துடைக்கவும். மைக்கா கருகினால் ஓட்டுவதை நிறுத்திவிட்டுப் புதுத் தகடு வெட்டிப் போடலாம், சின்னச் செலவுதான். ஆனால் வெளிக்கூட்டை யாரும் கழற்ற வேண்டாம். பிளக்கை எடுத்த பிறகும் உள்ளே கெப்பாசிட்டரில் 2,000 வோல்ட் வரை தேங்கி நிற்கும்.

வில்லுக்குறி_புதுவீடு:
கிரில் மாடலே போதும்னு வீட்டில் முடிவு. அப்போ பிளைவுட்டா மல்டிவுட்டா? எத்தனை உயரத்தில் வைக்கணும்? கம்பெனி எது?

மார்த்தாண்டம்_மாடுலர்:
கிரில்லிலும் சூடு உண்டு, பின்னாளில் மிஷினை மாத்தவும் செய்வீங்க. பிளைவுட்டே போடுங்க, ஒரு யூனிட்தானே.

உயரம்: மைக்ரோவேவ் கதவு பக்கவாட்டில் திறப்பது. அம்மா 5 அடி என்றால் தோள் 4 அடி பக்கம் வரும். கொதிக்கும் பாத்திரத்தைத் தோளுக்கு மேலிருந்து இறக்கக் கூடாது. தட்டின் மேற்பரப்பு தரையிலிருந்து 1,050 மி.மீ. வைங்க. கீழே ரெண்டு டிராயர், நடுவில் மிஷின், மேலே ஷட்டர். டைல்ஸ் போட்டு முடிச்ச தரையிலிருந்து அளக்கணும்.

கதவுக் கீல் பெரும்பாலும் இடது பக்கம், மாத்திப் போட முடியாது. உங்களுக்கு இடதுபக்கம் சுவர். யூனிட்டைச் சுவரோட ஒட்டினா கைப்பிடி சுவரில் இடிக்கும், கதவு 90 டிகிரியைத் தாண்டாது, கண்ணாடித் தட்டை வெளியே எடுக்கச் சிரமம். சுவருக்கும் யூனிட்டுக்கும் நடுவில் 50 மி.மீ. பட்டை போடுங்க. பாத்திரத்தை இறக்க வலப்பக்கம் மேடை இருக்கிறது நல்ல அமைப்பு.

இன்னொண்ணு. குழியை 455 உயரத்துக்கே செய்யுங்க. அதுக்குள்ள 57 மி.மீ. கட்டை வெச்சு மேலே 18 மி.மீ. தட்டு. மிச்சம் 380, இப்போதைய மிஷினுக்கு. தட்டை ஒட்டாம ஸ்க்ரூவில் மட்டும் பிடிங்க. அப்படின்னா 1,050 அளவைக் கழற்றும் தட்டுக்கு எடுத்துக்கணும், அடித்தட்டு 975-ல் வரும். நாளைக்கு காம்பி வேணும்னா தட்டைக் கழற்றினா போதும். முன்பக்க அடைப்புப் பட்டையை மிஷின் வந்து உட்கார்ந்த பிறகு அளந்து வெட்டுங்க.

குளச்சல்_சர்வீஸ்:
கம்பெனி: ஐ.எஃப்.பி., போஷ், ஃபேபர், எலிகா, ஹேஃபலே, காஃப் எல்லாவற்றிலும் பில்ட்-இன் உண்டு. ஒன்றின் குழி அளவு இன்னொன்றுக்குப் பொருந்தும் என்று நம்ப வேண்டாம், மாடல் எண்ணுக்கான இன்ஸ்டாலேஷன் படத்தை வாங்கி ஆசாரி கையில் கொடுத்த பிறகே பலகை வெட்டவும். கஸ்டமர் கேருக்குப் போன் செய்து 629-இல் தொடங்கும் உங்கள் பின்கோடைச் சொல்லி, டெக்னீஷியன் வீட்டுக்கு வருவாரா, மிஷினைக் கடைக்குத் தூக்கி வரச் சொல்வார்களா என்று கேளுங்கள். பில்ட்-இன்னைக் கழற்றித் தூக்கிக்கொண்டு அலைய முடியாது. பொருத்தும் கூலி விலையில் சேர்ந்ததா என்றும் கேளுங்கள்.

மிஷின் வந்த அன்றைக்கே, ஸ்க்ரூ போடுமுன் ஒரு சோதனை. மைக்ரோவேவுக்கு ஆகும் கண்ணாடிப் பாத்திரத்தில் 1 லிட்டர் வெள்ளம், தெர்மாமீட்டரில் சூடு பார்க்கவும். முழு பவரில் சரியாக 60 விநாடி. உடனே மரக்கரண்டியால் கலக்கி மறுபடி பார்க்கவும். ஏறிய டிகிரியை 70-ஆல் பெருக்கினால் வாட்ஸ். 29-லிருந்து 41 ஏறினால் 12 × 70 = 840. பாத்திரம் கொஞ்சம் சூட்டைக் குடிக்கும், அதனால் 900 வாட்ஸ் மாடலுக்கு 800-க்கு மேல் வந்தால் நல்ல மிஷின். 600 என்று வந்தால் அந்த நேரத்து வோல்டேஜையும் குறித்துக்கொண்டு, மத்தியானம் வோல்டேஜ் நன்றாக இருக்கும்போது இன்னொரு முறை பார்க்கவும். அப்போதும் ஏறாவிட்டால் பொருத்த வேண்டாம், மாற்றித் தரச் சொல்லவும்.

வில்லுக்குறி_புதுவீடு:
ஆசாரிக்கு எழுதிக் கொடுத்தது: பி.டபிள்யூ.பி. பிளைவுட், வெளி அகலம் 600, உள் ஆழம் 580, குழி உயரம் 455, அடித்தட்டு 975, கழற்றும் தட்டு 1,050, இடப்பக்கம் 50 பட்டை, பின்பலகை இல்லை, கால்பலகையில் 500 × 50 திறப்பு. உள்பக்கமும் 1 மி.மீ. லாமினேட் ஒட்டணுமான்னு கேட்கிறார்.

மார்த்தாண்டம்_மாடுலர்:
ஒட்டலாம், 564 போய் 562 ஆகும், கொள்ளும். ஆனா பிளைவுட் சரியா 18 தானான்னு வெர்னியரில் பார்த்துக்கிடுங்க. 19 வந்தா 560-ல் முட்டிட்டு நிக்கும். அப்போ உள்ளே லாமினேட் வேண்டாம், ரெண்டு கோட் வார்னிஷ் அடிச்சு விடுங்க. வெட்டிய விளிம்பு எல்லாத்துக்கும் எட்ஜ் பேண்ட் ஒட்டணும், கதவிலிருந்து வழியும் ஆவித்தண்ணி அங்கதான் இறங்கும்.