கவுண்டர், செக்: முறிப்பியா, மறிப்பியா, மடக்கியா?

அன்பின் குழும நண்பர்களுக்கு வணக்கம்.

இருவர் தத்தம் விலங்கணிகளை மோதவிடும் போக்கிமொன் போட்டி ஆட்டத்துக்கான சொற்பட்டியலில் ‘கவுண்டர்’, ‘செக்’ ஆகிய இரண்டுக்கும் வாழைச்சேனைத் தம்பி முன்வைத்த ‘முறிப்பி’, ‘மறிப்பி’ என்ற இணையில் முதற்சொல்லை முழுமனதோடு ஏற்கிறேன். இரண்டாவதை ஏற்க என்னால் முடியவில்லை. காரணத்துக்குப் போகுமுன், “இரண்டுமே எதிரியை வெல்கிற விலங்குதானே, ஒரு சொல் போதாதா?” என்று கல்முனை ஆசிரியர் கேட்டதற்குப் பதில் சொல்ல வேண்டும். அந்தக் கேள்வி தீராமல் எந்தச் சொல்லைப் பற்றிப் பேசியும் பயனில்லை.

இந்த ஆட்டத்தில் களத்தில் நிற்கும் விலங்கைத் திருப்பியழைத்து இன்னொன்றை இறக்கினால் அந்தச் சுற்று அதோடு செலவாகிவிடும். பொதுவாக மாற்றம் முதலில் நடக்கும், தாக்கு பிறகு விழும். ஆகவே புதிதாக இறங்கும் விலங்கு, முன்னதற்கென்று எதிராளி ஏவிய அடியைத் தன் உடம்பில் வாங்கிக்கொண்டுதான் நிற்க வேண்டும். நம்முடைய விலங்கு ஒன்று வீழ்ந்த பிறகு அடுத்ததை இறக்கும்போதோ அப்படி ஓர் அடி காத்திருப்பதில்லை. அடியை வாங்கிக்கொண்டு இறங்கியும் எதிரியை வெல்லவோ துரத்தவோ வல்லது கவுண்டர். அடிபடாமல் இறங்க வழி கிடைத்தால் மட்டும் வெல்லக்கூடியது செக். வித்தியாசம் பலத்தில் இல்லை, உள்ளே வருகிற விதத்தில் இருக்கிறது.

கார்சொம்ப் என்ற விலங்கை எடுத்துக்கொள்வோம். 2006இல் ஜப்பானில் வெளிவந்த டயமண்ட், பேர்ள் பதிப்புகளில் அறிமுகமான இது டிராகன் வகையும் நிலவகையும் சேர்ந்தது. அடிப்படைத் தாக்குவலு 130, அடிப்படைக் கதி (வேகம்) 102. வாள்நடனத்தை ஒருமுறை ஆடினால் தாக்குவலு இரட்டிக்கும். இருளும் ஐஸும் சேர்ந்த வீவைலின் அடிப்படைக் கதி 125. ஐஸ் வகைத் தாக்கு கார்சொம்பின் மேல் 4 மடங்காக விழும். தன் வகையிலேயே தாக்குவதற்கான 1.5 மடங்கும் அதோடு சேரும். எதிரே நின்றால் வீவைல் முந்தி அடித்து ஒரே அடியில் வீழ்த்திவிடும். ஆனால் வாள்நடனம் ஆடி முடித்த கார்சொம்ப் நிலநடுக்கம் என்ற நிலவகைத் தாக்கை ஏவும் சுற்றில் வீவைலை மாற்றி இறக்கிப் பாருங்கள், அது கால் ஊன்றுமுன்னரே கதை முடிந்துவிடும்.

ஸ்கார்மரியின் நிலை வேறு. உருக்கும் பறவையும் சேர்ந்த அதன்மேல் நிலநடுக்கம் படவே படாது. டிராகன் வகைத் தாக்கு பாதியாகக் குறையும். அடிப்படைப் பாதுகாப்பு 140. அடியின் நடுவே இறங்கி நின்று, சுழல்காற்றால் கார்சொம்பைக் களத்திலிருந்தே துரத்திவிடும். ஆடிச் சேர்த்த வலுவும் அதோடு போய்விடும். எதிராளி தீவகைத் தாக்கு ஒன்றை ஒளித்து வைத்திருந்தால் அது ஸ்கார்மரியின்மேல் இரட்டிப்பாக விழும் என்பதையும் சொல்லிவிட வேண்டும். அப்போது அதைக் கவுண்டர் என்பதற்கு நானே தயங்குவேன். ஆசிரியர் ஐயா சொன்னபடி இவ்விரண்டையும் ஒரே சொல்லில் அடக்கினால், ஆடப் பழகுகிற பிள்ளை வீவைலை ஸ்கார்மரியைப் போல இறக்கித் தோற்றுக்கொண்டே இருக்கும்.

இனி ‘முறிப்பி’க்கு வருவோம். நஞ்சுக்கு முறிப்பு, செய்வினைக்கு முறிப்பு என்று எங்கள் பக்கத்தில் இன்றும் பேச்சில் உள்ள சொல் இது. ஏவிவிட்ட ஒன்றை அதன் வேகம் குறையுமுன் எதிர்கொண்டு வலுவிழக்கச் செய்வது என்ற பொருள் அதற்குள் ஏற்கெனவே இருக்கிறது. கொம்புமுறி விளையாட்டில் வடசேரியும் தென்சேரியும் கொம்பு பூட்டி இழுப்பதைப் பார்த்து வளர்ந்தவருக்கு இழுவையைத் தாங்கி நின்று முறிப்பது என்ற படமும் உடனே வரும். ‘முறி’ என்றே சுருக்கலாமே என்று கேட்டவர்களுக்கு ஒரு வார்த்தை: ‘திறைசேரி முறி’ (அரச கடன்பத்திரம்) பத்திரிகைகளில் வந்து வந்து அந்தச் சொல் மத்திய வங்கியின் கைக்குப் போய்விட்டது. ‘முறிவு’ம் ஆகாது, முறிவு நெரிவு வைத்தியரின் பெயர்ப்பலகையில் அது எலும்போடு சம்பந்தப்பட்டு நிற்கிறது. பகர ஒற்று இரட்டித்து இகரத்தில் முடியும் ‘முறிப்பி’ இவ்விரு இடர்களிலிருந்தும் தப்பிவிடுகிறது. ஆண், பெண் என்ற கேள்வியும் எழாது.

‘மறிப்பி’ பொருளால் பிழையில்லை. ஆனால் ‘முறிப்பி’க்கும் அதற்கும் இடையில் இருப்பது ஓர் உகரம் மட்டும். கடந்த சனிக்கிழமை என் மருமகன் களுவாஞ்சிகுடியிலிருந்து தொலைபேசியில் பேசிக்கொண்டே ஆடினான். அணியில் யாரை இறக்குவது என்று நான் இங்கிருந்து சொல்ல வேண்டும் என்பது ஏற்பாடு. “மறிப்பியை வைத்துக்கொள், முறிப்பியை இறக்கு” என்றேன். அவன் வீவைலை இறக்கினான். அது விழுந்த பிறகு, “மாமா, நீங்கள் இரண்டு முறையும் ஒன்றைத்தானே சொன்னீங்கள்” என்றான். குற்றம் அவனுடைய காதிலும் இல்லை, என் நாக்கிலும் இல்லை. விரைவாகப் பேசும்போது முதலசையின் உயிர் தெளிவில்லாமல் போவதுண்டு; ஒரு சுற்றுக்குள் முடிவெடுக்க வேண்டிய ஆட்டத்தில் எதிரெதிரான இரண்டுக்கு ஒலியால் ஒட்டிய சொற்களைக் கொடுப்பது தகாது. எழுதினாலும் கைத்தொலைபேசி விசைப்பலகை ஒன்றை மற்றதாக மாற்றிவிடுகிறது. இந்த மடலை எழுதும்போதே எனக்கு இருமுறை அப்படி நடந்தது.

ஆகவே செக்குக்கு ‘மடக்கி’ என்பதை முன்வைக்கிறேன். வசமாக அகப்பட்டவனை மடக்குகிறோம். அகப்படாதவனை மடக்க முடியாது. அந்த நிபந்தனையே செக்கின் உயிர். கார்சொம்ப், கதியைக் கூட்டும் சொய்ஸ் ஸ்கார்ஃப் என்ற பொருளை அணிந்து வந்தால் கணக்கு எப்படி மாறுகிறது என்று பாருங்கள்: 50ஆம் மட்டத்தில், கதிக்கு முழு முயற்சிப்புள்ளியும் (பயிற்சியால் சேரும் புள்ளி) அதைக் கூட்டும் குணமும் கொடுத்தால் வீவைலுக்கு 194, கார்சொம்புக்கு 169. ஸ்கார்ஃப் அதை 1.5 மடங்காக்கி 253க்குக் கொண்டுபோய்விடும். ஐஸ் ஷார்ட் போன்ற, கதியைப் பாராமல் முதலில் விழும் முந்துதாக்கு கையில் இல்லாவிட்டால் அந்த வீவைல் யாரையும் மடக்கப்போவதில்லை.

இதற்கு ஓர் இலக்கணத் தடை உண்டு என்பதை நானே சொல்லிவிடுகிறேன். ‘கார்சொம்பை மடக்கி’ என்று எழுதினால் அது பெயராக நிற்காது, வினையெச்சமாகிவிடும். வாசிப்பவர் அடுத்து ஒரு வினைமுற்றுக்குக் காத்திருப்பார். நான்காம் வேற்றுமையோடு மட்டும் வழங்கினால் இடர் தீரும்: கார்சொம்புக்கு மடக்கி வீவைல், கார்சொம்புக்கு முறிப்பி ஸ்கார்மரி. நஞ்சுக்கு முறிப்பு என்பதும் இதே உருபைத்தான் கொள்கிறது. எதற்கு என்று சொல்லாமல் வெறுமனே ‘இது நல்ல முறிப்பி’ என்று பேசும் வழக்கத்தையும் இது தடுக்கும்.

அக்கரைப்பற்றுக் காக்கா (அண்ணன்) கவுண்டருக்குச் சொன்ன ‘தாங்கி’ அழகான சொல்; ஆனால் அதை டாங்க், அதாவது அடி தாங்கி நிற்கும் விலங்கு, என்பதற்கு ஒதுக்குவதே முறை. தண்ணீர்த் தாங்கியும் யுத்த தாங்கியும் நம்மிடம் ஏற்கெனவே இருக்கின்றன. அடியைத் தாங்குவது மட்டும் கவுண்டர் ஆகாது. தாங்கிய பிறகு எதிரியை ஒன்றும் செய்யமுடியாமல் நிற்கிற விலங்கின் எதிரே கார்சொம்ப் இன்னொரு வாள்நடனம் ஆடும்.

‘முறிப்பி’ என்ற சொல்லுக்குள் ‘அடிபட்டு உள்ளே வருதல்’ இல்லையே என்ற குறை காக்காவுடையது. இல்லைதான். நம் பௌதிகப் பாடத்தில் திசையற்றது கதி, திசையுள்ளது வேகம். தமிழ்நாட்டில் திசையற்றதே வேகம், திசையுள்ளது திசைவேகம். ‘கதி’ என்ற சொல்லுக்குள் திசையில்லை என்ற செய்தி எங்கே இருக்கிறது? வரைவிலக்கணம் அதைச் சுமக்கிறது, வகுப்பறை அதைப் பழக்குகிறது. பட்டியலில் விலங்கின் ஓட்டத்துக்கு நான் ‘கதி’ என்றே எழுதிவருவதும் இந்தக் கணக்கில்தான். தமிழக நண்பர்களுக்காக ‘வேகம்’ என்பதையும் அருகில் காட்டலாம்.

பட்டியலில் இப்படிச் சேர்க்கலாம்:

முறிப்பி (கவுண்டர்): குறித்த ஒரு விலங்கின் வழக்கமான தாக்கு எதையும் வாங்கிக்கொண்டு மாற்றாக இறங்கி, அதனை வீழ்த்தவோ களத்திலிருந்து விலக்கவோ வல்ல விலங்கு.

மடக்கி (செக்): குறித்த ஒரு விலங்கின் எதிரே அடிபடாமல் இறங்கக் கிடைத்தால் அதனை வீழ்த்தவோ விலக்கவோ வல்ல விலங்கு.

‘வழக்கமான தாக்கு’ என்ற தொடர் தளர்வாக இருக்கிறது என்று வாழைச்சேனைத் தம்பி சொல்வார் என எதிர்பார்க்கிறேன். தீவகைத் தாக்கை ஒளித்துவைத்த கார்சொம்புக்கு இடம் விட்டே அதை அப்படி எழுதினேன். இதைவிட இறுக்கமான தொடர் அவரிடம் இருந்தால் அதையே இடுவோம்.