மறு: மறு: சைட்ஹவுண்ட் – தமிழில் என்ன சொல்லலாம்?

மொழிபெயர்ப்பாளர்:
அன்பர்களே, நாய் இனங்கள் பற்றிய கையேடு ஒன்றை வெள்ளிக்கிழமைக்குள் முடித்துக் கொடுக்க வேண்டும். 'சில்கன் விண்ட்ஹவுண்ட்' பக்கத்தில் நிற்கிறேன். 1980களில் டெக்சஸில் பிரான்சி ஸ்டல் என்பவர், தாம் வளர்த்த போர்சாயோடு (ரஷ்ய வேட்டைநாய்) விப்பெட் (சிறிய ஆங்கிலேய ஓட்டநாய்) வழி நாய்களைச் சேர்த்து உருவாக்கிய இனம். நாய் இனங்களைப் பதிவுசெய்யும் அமெரிக்க அமைப்பான யுனைடெட் கென்னல் கிளப் 2011இல் ஏற்றுக்கொண்டது. கண்ணால் கண்டு விரட்டும் வகை, அதாவது சைட்ஹவுண்ட். மோப்பநாய் என்ற சொல் இருக்கிறது, இதற்கு? இப்போதைக்குக் 'காண்நாய்' என்று வைத்திருக்கிறேன்.

தமிழாசிரியர்:
ஐயா, புணர்ச்சியைப் பார்க்க வேண்டாமா? குறிலணைவில்லா, அதாவது தனிக்குறிலை அடுத்து வராத, ணகரத்தின் முன் நகரம் திரிய, நின்ற ணகரம் கெடும். தூண் + நன்று 'தூணன்று' ஆவதுபோல உங்கள் நாய் 'காணாய்' ஆகிவிடும். கண்பார்வைக்குப் பேர்போன நாய்க்கு இந்தப் பெயரா! 'நாய்' மட்டும் எதற்கு? பூழி நாட்டார் ஞமலி என்பர் என்று உரையாசிரியர்கள் திசைச்சொல்லுக்கே, அதாவது வட்டாரச் சொல்லுக்கே, காட்டுகிறார்களே. விண்ட்ஹவுண்டை 'வளிஞமலி' ஆக்குங்கள்.

ஜெர்மன் படித்தவர்:
அங்கே காற்றே இல்லை ஐயா. பழைய ஜெர்மனில் 'விண்ட்' என்றாலே இந்த வகை நாய்தான். பொருள் மறந்தபின் 'ஹுண்ட்', அதாவது நாய், என்று இன்னொன்றை ஒட்டினார்கள்; நம் 'நடுசென்டர்' மாதிரி. கிரேஹவுண்டின் 'கிரே'யும் நிறமல்ல. சாம்பல்நாய் என்று எழுதிவிடாதீர்கள்.

கால்நடை மருத்துவர்:
வளிஞமலி என்று அச்சிட்டால் நாய் வளர்ப்பவர் என்னைத்தான் கூப்பிட்டு அர்த்தம் கேட்பார். இந்த இனத்திலும் நீள்முடி விப்பெட்டிலும் எம்டிஆர்1 மரபணு மாற்றம் இருப்பது 2004இல் தெரியவந்தது. அது கோலி வகை மேய்ப்பு நாய்களின் சொத்து. அந்த மாற்றம் உள்ள நாய்க்கு ஐவர்மெக்டின் என்ற ஒட்டுண்ணி மருந்து அளவு மீறினால் நரம்பு நஞ்சாகும். பெயர் எப்படியும் போகட்டும், இந்த எச்சரிக்கையை விட்டுவிடாதீர்கள். நாயே கலப்பு, பெயர் மட்டும் தனித்தமிழாக வேண்டுமாம்! 'பார்வை வேட்டைநாய்' போதும்.

தமிழாசிரியர்:
நாய் கலப்பானால் மொழியும் கலக்க வேண்டுமா? நல்ல தர்க்கம்.

ஜெர்மன் படித்தவர்:
மருத்துவர் சொன்னதற்கு +1.

மொழிபெயர்ப்பாளர்:
வேறு யாரும் எழுதவில்லை. 'பார்வை வேட்டைநாய்' என்றே போட்டு, இனப்பெயரை ஒலிபெயர்த்து, எச்சரிக்கையும் சேர்த்து இன்று காலை அனுப்பிவிட்டேன். நன்றி.

தமிழாசிரியர்:
அனுப்பிவிட்டீர்களா? நற்றிணையில் 'பார்வை வேட்டுவன்' வருகிறான். அங்கே பார்வை என்பது மற்ற விலங்குகளை வரவழைக்க வேட்டுவன் பழக்கி வைத்திருக்கும் விலங்கு. உங்கள் நாய் ஓடவே போவதில்லை, கட்டிப்போட்டுவிட்டீர்கள்.