பீலிக்கு மேலே இருக்கிற காட்டை வெட்டுகிறார்கள், சங்கம் அமைத்தால் தடுக்கலாமா?

ஊவாப் பையன்:

எல்லோருக்கும் வணக்கம். நாங்கள் இருப்பது வெலிமடைப் பக்கம் ஒரு தோட்டத்தின் மேல் டிவிஷனில். லயத்துக்கு, அதாவது எங்கள் வரிசை வீடுகளுக்கு, மேலே தேயிலை முடிகிற இடத்தில் ஏழெட்டு ஏக்கர் காடு இருக்கிறது, எங்கள் ஊற்று அதற்குள்தான். அங்கிருந்து கறுப்பு ஹோஸில் பீலிக்கு, நாங்கள் தண்ணீர் பிடிக்கிற இடத்துக்கு, இறங்குகிற தண்ணீரைத்தான் நாற்பது குடும்பம் குடிக்கிறோம். ஹோஸ் வாயில் பழைய சீத்தைத் துணி கட்டியிருப்போம், முன்பெல்லாம் மாதத்துக்கு ஒருமுறை கழுவினால் போதும். இப்போது மழை பெய்த மறுநாளே துணி முழுக்கச் செம்மண், தண்ணீர் தேத்தண்ணி நிறத்தில் வருகிறது.

காரணம் தெரிந்ததுதான். ஊற்றுக்கு மேலே அரை ஏக்கர் அளவில் மரத்தை வெட்டி, பற்றையைக் கொளுத்தி, லீக்ஸும் போஞ்சியும் போட்டிருக்கிறார்கள். போட்டவர் வெளியாள் இல்லை, எனக்குச் சித்தப்பா முறை, அதுதான் பெரிய சங்கடம். இவரைப் பார்த்து இன்னும் இரண்டு பேர் கத்தியைத் தீட்டுகிறார்கள். நாங்கள் ஐந்தாறு பையன்கள் சேர்ந்து காணியையும் காட்டையும் பாதுகாக்க ஒரு சங்கம் தொடங்கலாம் என்று பேசினோம். எங்கே பதிவது, பதிந்தால் எங்களுக்கு ஏதாவது அதிகாரம் இருக்குமா, யாராவது செய்து பார்த்திருக்கிறீர்களா?

பழைய கச்சேரிக்காரன்:

தம்பி, சங்கத்துக்குப் பெயர் வைக்க முதல் அந்தக் காணி யாருடையது என்று பாருங்கள். காணிக் கிளையில் இருபது வருஷம் கோப்பு தூக்கியவன் சொல்கிறேன், ‘தோட்டத்துக் காணி’ என்று வாயால் சொல்வதற்குள் நாலைந்து வகை இருக்கிறது. 1972லும் 1975லும் காணிச் சீர்திருத்தத்தில் தோட்டங்களை அரசாங்கம் எடுத்தது, 1992இல் நிர்வாகத்தைக் கம்பனிகளிடம் கொடுத்தது. நிலம் கம்பனியுடையது இல்லை, குத்தகைதான். சில தோட்டங்கள் ஜனவசம என்கிற அரசாங்கச் சபையிடம், சில பெருந்தோட்டக் கூட்டுத்தாபனத்திடம், சில துண்டுகள் காணிச் சீர்திருத்த ஆணைக்குழுவிடம். காடு என்றால் இன்னும் குழப்பம். 2001இல் எஞ்சிய காடுகளை ஒரு சுற்றறிக்கையால் வனத் திணைக்களத்திடம் கொடுத்தார்கள், 2020இல் அதைப் பிரதேச செயலாளர்கள் பக்கம் திருப்ப இன்னொரு சுற்றறிக்கை வந்து, அதற்கு வழக்கும் போட்டார்கள். ஆகவே ஒரு கந்தோரில் கேட்டால் அடுத்த கந்தோரைக் கை காட்டுவார்கள், அலைந்து சலித்து விட்டுவிடாதீர்கள்.

அலையாமல் கேட்க ஒரு வழி இருக்கிறது, தகவல் அறியும் உரிமைச் சட்டம், 2016இன் 12ஆம் இலக்கம். பிரதேச செயலகத்துக்கு ஒன்று, வனத் திணைக்களத்துக்கு ஒன்று, தமிழிலேயே எழுதலாம். தருவதா இல்லையா என்று 14 வேலை நாட்களுக்குள் முடிவு சொல்ல வேண்டும். கடிதத்தில் இயற்கை அன்னை என்றெல்லாம் எழுதாதீர்கள், அப்படிக் கடிதம் வந்தால் நாங்கள் வாசிக்காமலே கோப்பில் போட்ட காலம் உண்டு. இந்த இடம் வரைபடத்தில் எந்தத் துண்டு, யாருக்கு எந்தத் திகதியில் கொடுக்கப்பட்டது, மரம் வெட்ட அனுமதி இருந்தால் அதன் பிரதி. மூன்றே கேள்வி போதும்.

பதிவு என்றால் 1980இன் 31ஆம் இலக்கச் சட்டத்தில் தொண்டு நிறுவனமாகப் பதியலாம், கிராம மட்டச் சங்கமாகப் பிரதேச செயலகத்திலும் பதியலாம். பதிந்ததால் ஒருவரை இறக்கிவிடுகிற அதிகாரமெல்லாம் வராது. கடிதத் தலைப்பும் வங்கிக் கணக்கும் வரும், கூட்டத்துக்குக் கூப்பிட்டால் உத்தியோகத்தர் வருவார். அதுவே எங்கள் ஊர்களில் பெரிய விஷயம்.

லீக்ஸ்காரன்:

நானும் மலைச்சரிவில் மரக்கறி போடுகிறவன்தான், அதனால் கொஞ்சம் சூடாகத்தான் எழுதுவேன். லயத்து ஆள் அரை ஏக்கர் வெட்டினால் உடனே சுற்றாடல் அழிவு. வெள்ளைக்காரன் மலை மலையாக வெட்டிக் கோப்பி போட்டான், 1869இல் வந்த இலைநோயில் அது செத்தது, பிறகு அதே இடத்தில் தேயிலை வைத்தான், அது வரலாறு. எங்களுக்கு வீடு கட்ட 7 பேர்ச் கேட்டால் மட்டும் காணி இல்லை. 2021இல் அரசாங்கம் இரசாயன உரத்தை ஒரேயடியாக நிறுத்தினபோது என் உருளைக்கிழங்கு குட்டையாக நின்றதை எந்தச் சங்கமும் வந்து பார்க்கவில்லை. உங்கள் சித்தப்பா பேராசையில் வெட்டினார் என்று நினைக்காதீர்கள், கொழுந்துக் காசில் ஒரு வீடு நடக்காது.

சரி, அதற்காக ஊற்றுத் தலையில் கொத்தியது சரியென்று சொல்லமாட்டேன், அது பிழைதான். ஆனால் பாத்தியைப் போய்ப் பாருங்கள், மேலிருந்து கீழாக வெட்டியிருப்பார், தண்ணீர் சீக்கிரம் வடியும் என்று நிறையப் பேர் அப்படித்தான் வெட்டுகிறோம். அதில் தண்ணீரோடு மண்ணும் சேர்ந்து ஓடிவிடும். குறுக்கே வெட்டச் சொல்லுங்கள், நாலு பாத்திக்கு ஒரு கான் (வடிகால்), கான் ஓரத்தில் மானாப் புல் வரிசை. பழைய தேயிலையைப் பிடுங்கிவிட்டு மறுபடி நட முதல் தோட்டங்களிலேயே மானாவோ குவாத்தமாலாப் புல்லோ போட்டு ஒன்றரை இரண்டு வருஷம் விடுவார்கள், மண் தேற. தாத்தா காலத்தில் கான் வெட்டுக்கென்று தனி ஆட்கள் இருந்தார்கள், இப்போது கானெல்லாம் தூர்ந்து கிடக்கிறது, அதைப் பற்றி யாரும் சங்கம் வைக்கவில்லை.

மண் பாதுகாப்புச் சட்டம் 1951இலிருந்து இருக்கிறது, அதைக் காட்டிச் சித்தப்பாவை மிரட்டலாம். மிரட்டினால் இரவில் வெட்டுவார்.

அப்புத்தளை அக்கா:

மேலே அண்ணன் சொன்னதில் பாதி எனக்குப் பிடிக்கவில்லை, ஆனால் கான் விஷயத்தில் அவர் சொல்வதுதான் சரி.

தம்பி, நாங்கள் செய்து பார்த்ததைச் சொல்கிறேன். முதல் தடவை படுதோல்வி. ஒரு நிறுவனம் வந்து சுற்றாடல் தினத்தன்று 200 கன்று கொடுத்தது, பதாகை பிடித்து நட்டோம், படம் எடுத்தார்கள், போனார்கள். மூன்று வாரத்தில் ஆடு பாதியைத் தின்றது, மீதி மாசி வெயிலில் போனது. இரண்டாவது தடவை யாரையும் கூப்பிடவில்லை. புதுச் சங்கமும் தொடங்கவில்லை, லயத்தில் ஏற்கெனவே இருந்த மரண உதவிச் சங்கத்திலேயே தண்ணீருக்கென்று ஒரு தனிக் கொப்பி போட்டோம், வீட்டுக்கு மாதம் ஐம்பது ரூபாய். அந்தக் காசில் முதலில் வாங்கியது கன்று இல்லை, முள்ளுக்கம்பி. ஊற்றைச் சுற்றி அடைத்துவிட்டு ஒரு வருஷம் சும்மா விட்டோம். ஓடைக் கரையில் தானாக முளைத்த கன்றுகள் நாங்கள் நட்டதைவிட நன்றாக வந்தன.

இன்னொன்று, உங்கள் ஓடை கீழே எங்கே போகிறது என்று பாருங்கள். எங்களுடையது கீழே சிங்களக் கிராமத்து வயலுக்குப் போகிறது. அவர்களிடம் கமநல சேவை நிலையத்தில் பதிந்த கமக்காரர் அமைப்பு இருக்கிறது. நாங்கள் தமிழில் தனியாகக் கொடுத்த கடிதத்துக்குப் பதிலே இல்லை. அவர்களும் சேர்ந்து, இரண்டு மொழியில், இரண்டு பக்கத்துக் கையெழுத்தோடு போனபோது அடுத்த வாரமே ஜீப் வந்தது.

அந்தச் சரிவில் நிலத்தில் வெடிப்பு, சாய்ந்த மரம், புதிதாகக் கசிவு ஏதாவது கண்டால் சங்கம் வரட்டும் என்று காத்திருக்க வேண்டாம். பதுளையில் மண்சரிவு அபாயத்தைப் பார்க்கிற தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்தின் அலுவலகம் இருக்கிறது, கிராம உத்தியோகத்தர் மூலம் பார்க்கச் சொல்லிக் கேளுங்கள். 2014 ஒக்டோபர் 29இல் மண்சரிவில் லயங்கள் புதைந்த மீரியபெத்தை எங்களுக்குத் தூரத்து ஊர் இல்லை.

அப்புறம், ஒரு வாளியும் கைபேசியும் எடுத்துப்போய் தண்ணீரை அளந்து எழுதத் தொடங்குங்கள். ‘தண்ணீர் குறைந்துவிட்டது’ என்றால் யாரும் அசையமாட்டார்கள். கொப்பியில் திகதியும் நிமிஷமும் இருந்தால் மறுபேச்சு வராது.

ஊவாப் பையன்:

எல்லோருக்கும் நன்றி. தகவல் கடிதம் இரண்டும் பதிவுத் தபாலில் போட்டாயிற்று. ஞாயிற்றுக்கிழமை 20 லீட்டர் பெயின்ட் வாளியை வைத்து அளந்தோம், நிரம்ப 3 நிமிஷம் 40 செக்கன். வேடிக்கை பார்க்க வந்த சித்தப்பாதான் வாளியைப் பிடித்துக்கொண்டார், கூப்பிட்டது நானில்லை, சித்தி அனுப்பியிருக்கிறார். பாத்தியைக் குறுக்கே மாற்றுகிறேன் என்கிறார், ஊற்றுக்கு நேர் மேலே இருக்கிற நாலு பாத்தியை இந்த லீக்ஸ் பிடுங்கியதும் விட்டுவிடுவதாகவும் சொல்கிறார். பதிலுக்குக் கீழ்ப்பக்கத்தில் அவருக்கு ஒரு ஹோஸ் வேண்டுமாம். அது கொடுக்கலாமா கூடாதா என்று லயத்தில் இப்போது பெரிய சண்டை.

கீழே வயல்காரர்களிடம் போகப் போகிறோம். சிங்களத்தில் கடிதம் எழுதித் தர யாராவது இருந்தால் சொல்லுங்கள், எனக்குப் பேச வரும், எழுத வராது.